இருபத்தாறு பல் கப்பைத் தேடி: ராயபுரத்திலிருந்து முகத்துவாரக்குப்பம் வரை

போன பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை, மடியில் மூன்று கிலோ இரும்போடு வடசென்னைக்குப் போய் வந்தேன். வெளிநாட்டு வண்டியை வைத்துக்கொண்டு உதிரிபாகத்துக்கு அலைகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள் என்பது இந்த வலைப்பூவுக்கு வரும் கேள்விகளிலேயே தெரிகிறது. உங்களுக்காகத்தான் நேரம், தூரம், செலவு எல்லாவற்றையும் குறித்து வைத்தேன். சக்கர நாற்காலியில் ஊர் சுற்றுகிறவர்களுக்கும் இதில் கொஞ்சம் தகவல் உண்டு. நானும் அதில்தான் சுற்றுகிறேன்.

முதலில் வண்டி. ஜப்பானில் செய்தது, சிங்கப்பூரில் ஓடியது. என் அண்ணன் அங்கே வேலையை முடித்துக்கொண்டு நிரந்தரமாகத் திரும்பியபோது முறையாகத் தீர்வை கட்டி இதைக் கொண்டுவந்தான். எனக்காகவே தேடி வாங்கியது. ஒரு பொத்தானை அழுத்தினால் ஓட்டுநர் இருக்கை வாசல் பக்கம் திரும்பி, என் நாற்காலி உயரத்துக்கு இறங்கும். நடுவில் ஒரு பலகையை வைத்து நகர்ந்து உட்கார்ந்துகொள்வேன். நாற்காலியை மடித்துப் பின்னால் இழுத்துப் போட்டால் கிளம்ப வேண்டியதுதான். பிரேக், ஆக்சிலரேட்டர் இரண்டும் கையில். பன்னிரண்டு வருடமாக எனக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. இந்த வண்டியில் ஏற மட்டும் யாரும் என்னைத் தூக்க வேண்டியதில்லை.

பக்கவாதத்தில் பேச்சு தடைப்பட்டவர்களுக்கு வீடு தேடிப் போய்ப் பயிற்சி கொடுப்பது என் வேலை. பல்லாவரம், கீழ்க்கட்டளை, மேடவாக்கம் என்று வாரத்துக்கு ஒன்பது வீடு. ஜனவரி மூன்றாம் வாரத்தில், கீழ்க்கட்டளையில் வண்டியை முழுசாகத் திருப்பியபோது வலது முன்சக்கரத்துப் பக்கம் ‘கடக் கடக்’ என்று சத்தம். மறுநாள் அது இன்னும் பலமானது. ஆதம்பாக்கத்தில் என் மெக்கானிக் சரவணன் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, “மேடம், கப்பு போயிடுச்சு. ஓட்டாதீங்க, ரோட்டுல நிறுத்திடும்” என்றார்.

என்ஜினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பிக்கு ஆக்சில் என்று பெயர். அதன் சக்கரப் பக்க நுனியில் கிண்ணம் போல ஒரு மூட்டு இருக்கும். உள்ளே ஆறு எஃகு உருண்டைகள், சுற்றிலும் கிரீஸ், மேலே ரப்பர் உறை. அந்தக் கிண்ணத்தைத்தான் மெக்கானிக்குகள் ‘கப்’ என்கிறார்கள். என் ரப்பர் உறை எப்போதோ கிழிந்து, மண் உள்ளே போய், உருண்டைகள் அரைபட்டிருந்தன. கம்பிக்கு ஒன்றுமில்லை. கப் மட்டும் கிடைத்தால் போதும்.

கிடைக்கவில்லை. இந்த மாடல் இந்தியாவில் விற்றதே இல்லை. ஜப்பானிலிருந்து வரவழைத்தால் முழு ஆக்சிலாகத்தான் வரும். ஐம்பத்திரண்டாயிரம் ரூபாய், இரண்டரை மாதம். இணையத்தில் படம் பார்த்து ஒருவரிடம் 6,800 ரூபாய்க்கு வாங்கினேன். படத்தில் அச்சு அசல் என்னுடையதேதான். கையில் வந்ததும் சரவணன் எண்ணிப் பார்த்தார். கப்பின் பின்பக்கம், சக்கரத்துக்குள் நுழையும் தண்டில் நீளவாட்டில் பல் பல்லாகக் கீறல் இருக்கும். என்னுடையதில் இருபத்தாறு பல். வந்ததில் இருபத்து மூன்று. படத்தில் யாராவது பல்லை எண்ணுவார்களா? இனிமேல் நான் எண்ணுவேன்.

ஐந்து வாரம் வண்டி நின்றது. வாடகைக் கார் ஓட்டுநர்கள் நாற்காலியைப் பார்த்ததும் பயணத்தை ரத்து செய்தார்கள். ஏற்றிக்கொண்ட இரண்டு பேர், நான் பலகையை எடுப்பதற்குள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள். காணொளியில் பயிற்சி கொடுத்துப் பார்த்தேன். மேடவாக்கத்தில் தங்கவேலு என்று ஓய்வுபெற்ற நடத்துநர் ஒருவர். டிசம்பரில் நான்கு சொல் சேர்த்துப் பேச ஆரம்பித்திருந்தார். அவருடைய தாடையில் என் விரலை வைத்துத்தான் ஒலியைக் காட்ட வேண்டும். திரையில் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். “அவர் மறுபடி சைகைக்கே போயிட்டாரும்மா” என்று அவர் மனைவி சொன்ன அன்றைக்குத்தான் நானே கிளம்புவது என்று முடிவு செய்தேன்.

சரவணன் அதற்கு முன்பே ஒருநாள் கைப்பேசியில் படத்தோடு கடை கடையாக ஏறி இறங்கிவிட்டு வெறுங்கையோடு வந்திருந்தார். “துறைமுகத்துப் பக்கம் வெளிநாட்டு வண்டி பிரிக்கிறவங்க ராயபுரத்துல இருக்காங்கன்னு சொல்றாங்க மேடம். நான் இன்னும் போகல” என்றார். படம் உதவாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தேய்ந்த கப்பைத் துணியில் சுற்றிக்கொண்டேன். மில்லிமீட்டர் சுத்தமாக அளவெடுக்க அவருடைய வெர்னியர் அளவுகோலை வாங்கிக்கொண்டேன். உபயோகிக்கக் கற்றுக்கொள்ள பத்து நிமிடம் ஆனது. உங்களுக்கும் அவ்வளவுதான் ஆகும்.

காலை 8.35க்கு ஆலந்தூரில் மெட்ரோ. பையைச் சோதிக்கும் இயந்திரத்தில் என் கப்பைப் பார்த்துவிட்டுக் காவலர் நிறுத்தினார்.

“என்ன மேடம் இது, காளான் மாதிரி?”

“கார் பார்ட்ஸ் சார். இதே மாதிரி ஒண்ணு வாங்கப் போறேன்.”

அவர் துணியைப் பிரித்துப் பார்த்தார். கையில் கிரீஸ் ஒட்டியதுதான் மிச்சம். அடுத்த முறை நீங்கள் போனால் டீசலில் கழுவிவிட்டு எடுத்துப் போங்கள். பெட்டிக்குள் நாற்காலியோடு ஏற ஆள் துணை தேவைப்படவில்லை. வண்ணாரப்பேட்டையில் 9.20க்கு இறங்கினேன், கட்டணம் 40 ரூபாய். இன்னொரு முக்கியமான விஷயம்: மெட்ரோ நிலையத்திலேயே கழிவறைக்குப் போய்விடுங்கள். அன்று முழுக்க நாற்காலி நுழைகிற மாதிரி வேறொன்று என் கண்ணில் படவில்லை.

வெளியே ஆட்டோ ஓட்டுநர் பிரகாசம் நின்றிருந்தார். ஐம்பது வயது இருக்கும், காதோரம் நரை. நான் விஷயத்தைச் சொன்னதும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தார்.

“அண்ணா, தூக்கக் கூடாது. நானே ஏறிக்குவேன். நீங்க நாற்காலி நகராம பின்னாடி பிடிச்சா போதும்.”

“இன்னாமா சொல்ற, வுழுந்துட்டா?”

“விழமாட்டேன்.”

பலகையை வைத்து நகர்ந்து ஏறினேன். அவர் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டே பார்த்தார். “சோக்கா ஏறிக்கினியே!” என்றார். நாள் முழுக்க காத்திருந்து கூட்டிப் போக 1,100 ரூபாய் என்று பேசினோம். அதற்குப் பிறகு எங்கே யார் என்னைத் தூக்க வந்தாலும், “த்தா, கைய எடு. யக்கா தானா எறங்கும்” என்று அவரே தடுத்துவிட்டார்.

ராயபுரம் கடைக்கு மூன்று கிலோமீட்டர், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் இருபது நிமிடம். கடை வாசல் ஒன்றரை அடி உயரம். உடன்குடிப் பக்கத்திலிருந்து வந்து இருபத்தைந்து வருடமாகக் கடை நடத்தும் ஜெபராஜ் அண்ணாச்சி என்னைப் பார்த்ததும் உள்ளேயிருந்து ஒரு மரப்பெஞ்சைத் தூக்கிவந்து ரோட்டோரம் போட்டார். “நீங்க ஏறி வர வேண்டாம்மா. கடை உங்ககிட்ட வரும்” என்றார். அந்த மனிதரை எனக்கு உடனே பிடித்துவிட்டது. அதனாலேயே கவனமாக இருக்க வேண்டியிருந்தது.

பதினோரு கப்புகளைப் பெஞ்சில் பரப்பினார். என்னுடையதைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக எண்ணினேன். ஏழாவதில் இருபத்தாறு பல்! மறுபடி எண்ணினேன். இருபத்தாறுதான். அண்ணாச்சி சிரித்தார்.

“நான் சொன்னேன்லா? கண்ண மூடிக்கிட்டு மாட்டுங்க. மூவாயிரத்து ஐநூறு குடுங்க போதும்.”

பணத்தை எடுக்கப் பைக்குள் கைவிட்டேன். விரலில் வெர்னியர் தட்டுப்பட்டது. பல்லுக்குக் கீழே, சக்கரத்தின் பேரிங்கில் போய் உட்காருகிற கழுத்துப் பகுதியை அளந்தேன். என்னுடையது 35 மில்லிமீட்டர். அவருடையது 38.

“மூணு மில்லிதானேம்மா. பக்கத்துலயே லேத் இருக்கு. கால் மணி நேரத்துல கடைஞ்சு குடுத்துருவான்.”

உண்மையைச் சொல்கிறேன், ஆசையாகத்தான் இருந்தது. கையில் இருக்கிறது, விலை குறைவு, மதியத்துக்குள் வீடு. சரவணனுக்கு போன் போட்டு அண்ணாச்சியிடமே கொடுத்தேன். அந்தப் பக்கம் சரவணன் பேசுவது எனக்கே கேட்டது. கப்பின் மேல்தோல் மட்டும்தான் சூடேற்றிக் கெட்டிப்படுத்தியது. அதைச் சீவிவிட்டால் உள்ளே இருப்பது மெத்து. ஆறு மாதம் ஓடலாம், ஆறு நாளிலும் முறியலாம். அண்ணாச்சி போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“அவர் சொல்லுதது சரிதான். எனக்கும் தெரியும்மா. வேற வண்டின்னா கடைஞ்சு போட்டு ஓட்டுதாவ, அதான் சொன்னேன்.”

“எனக்கு வேண்டாம் அண்ணாச்சி. நடு ரோட்டுல முறிஞ்சா நான் இறங்கித் தள்ள முடியாது.”

அவர் என் தேய்ந்த கப்பைக் கையில் எடுத்து, உருட்டி, ஓரத்தில் பொறித்திருந்த எழுத்துகளை வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு நெற்றியில் தட்டிக்கொண்டார். “அட! இதே வண்டி ஒண்ண டிசம்பர்ல பிரிச்சோம்லா. மோதி நசுங்குனது. யாரும் கேக்கலன்னு ரெண்டு ஆக்சிலயும் எடைக்குப் போட்டேன். எண்ணூர்ல நங்கூரம் செய்யுத ஸ்டெல்லா எடுத்துட்டுப் போச்சு.”

எடைக்குப் போட்டார்! தலையில் கைவைத்துக்கொண்டேன். அவரே ஸ்டெல்லாவுக்கு போன் செய்தார். அவர் எடுக்கவில்லை. “வெல்டிங்ல இருக்கும். நேர்ல போயிருங்க. முகத்துவாரக்குப்பம் வலைக்கூடத்துக்குப் பக்கத்துல” என்றார். என்னிடம் எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. பெஞ்சைத் தூக்கியதற்குக் கூலி கேட்டிருந்தால்கூடக் கொடுத்திருப்பேன்.

10.50க்குக் கிளம்பினோம். பதினான்கு கிலோமீட்டர் என்று கைப்பேசி காட்டியது. வலது பக்கம் கடல், இடது பக்கம் கன்டெய்னர் லாரிகளின் வரிசை. திருவொற்றியூர் தாண்டுவதற்குள் என் முகத்தில் ஒரு படலம் தூசி. பிரகாசம் லாரிகளுக்கு நடுவே நுழைந்து நுழைந்து ஓட்டினார். “பேஜாரு ரோடு யக்கா இது. ஆனா பயப்படாத, இருபது வருசமா இங்கதான் ஓட்டிகினு கீறேன்” என்றார். 11.55க்கு முகத்துவாரக்குப்பம் வந்து சேர்ந்தோம். மீனவர்கள் வலை பின்னுகிற வலைக்கூடத்தோடு சிமெண்ட் சாலை முடிகிறது, அதற்கப்பால் மணல். நாற்காலி மணலில் இரண்டடி போய் நின்றுவிட்டது. பின்னுக்கு இழுத்துக் கூடத்தின் சிமெண்ட் தரையில் நிறுத்திக்கொண்டேன்.

ஸ்டெல்லாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். புடவைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை, நெற்றிக்கு மேலே தூக்கிவிட்ட வெல்டிங் முகமூடி. முன்பு மணலி புதுநகரிலிருந்து ஆள் எடுக்கிற ஒரு ஒப்பந்தக்காரரிடம் குழாய் வெல்டராக இருந்தவர். இப்போது சொந்தப் பட்டறை. பழைய ஆக்சில் கம்பியில் கொக்கிகளை ஒட்டி நங்கூரம் செய்கிறார். என் கப்பைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

“ரெண்டு எட்தாந்தேன் யக்கா. ஒண்ண அறுத்துக் கொக்கி பண்ணிட்டேன். அதோட கப்ப ஒடச்சு எடைக்குப் போட்டாச்சு. இன்னொண்ணு எங்க அந்தோணி அண்ணன் போட்ல கீது. நங்கூரமா.”

“போட் எங்கே?”

அவர் கையை நீட்டினார். முகத்துவாரத்துக்கு அப்பால் கடல்தான் தெரிந்தது. “கடல்ல கீது. ஒரு மணிக்கு வந்துரும்.”

எனக்கு வேண்டிய கப், உப்புத் தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது. நம்பிக்கை கொஞ்சம் ஆட்டம் கண்டது அப்போதுதான். ரப்பர் உறைக்குள் ஒரு சொட்டு கடல்நீர் போயிருந்தாலும் கதை முடிந்தது.

“அந்த ரப்பரை அறுத்துட்டீங்களா ஸ்டெல்லா?”

“இல்ல யக்கா. அறுத்தா கிரீஸ் வழிஞ்சு வலைல, மீன்ல எல்லாம் கலீஜ் ஆயிடும். அப்டியே வுட்டுட்டேன்.”

ஒரு மணி நேரம் காத்திருந்தோம். பிரகாசம் மடவை மீன் குழம்பும் சோறும் பொட்டலமாக வாங்கி வந்தார், ஆளுக்கு 110 ரூபாய். எனக்குச் சரியாக இறங்கவில்லை. ஸ்டெல்லா மூன்று மீன் சாப்பிட்டார்.

1.20க்குப் படகு வந்தது. அந்தோணி, சிவந்த கண்களோடு, கட்டுமஸ்தான ஆள். நங்கூரத்தை மணலில் இழுத்துவந்து என் முன்னால் போட்டார். நடுக்கம்பியில் நான்கு கொக்கிகள். நுனியில் சேறு அப்பிய ஒரு உருண்டை. பிரகாசம் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினார். கறுப்பு ரப்பர் தெரிந்தது. விரலால் மடிப்பு மடிப்பாகத் தடவினேன். கீறல் இல்லை. இரண்டு பக்கத்துப் பட்டியும் இறுக்கமாக இருந்தது. தண்டில் துரு ஏறியிருந்தது. ஸ்டெல்லா கம்பித்தூரிகையால் தேய்க்கத் தேய்க்கப் பல் வெளியே வந்தது. இரண்டு முறை எண்ணினேன். இருபத்தாறு. கழுத்தில் வெர்னியரை வைத்தேன். முப்பத்தைந்து.

“எடுத்துக்கட்டுமா அண்ணே?”

“எட்த்துக்கினா நாளைக்குக் காத்தால நான் இன்னாத்த போட்டு நிப்பேன்? இது போட்டதுலேர்ந்து எனக்கு நண்டு நல்லா மாட்டிகினு கீது” என்றார் அந்தோணி. விளையாட்டாகச் சொல்லவில்லை.

ஸ்டெல்லா சாயங்காலத்துக்குள் லாரிக் கம்பியில் வேறொன்று செய்து தருவதாகச் சொன்னார். அந்தோணி மசியவில்லை. “உன் வண்டில இது எங்க கீது? இன்னா பண்ணும்?” என்று என்னைக் கேட்டார். கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினேன்: இருக்கை இறங்குவது, நான் நகர்ந்து ஏறுவது, கையாலேயே பிரேக் போட்டு வேளச்சேரி சாலையில் ஓட்டுவது. தலையைக் குனிந்து முழுசாகப் பார்த்தார். இன்னொரு முறை போடச் சொன்னார். எனக்குள் ஒரு பயம் வந்தது. ‘ஐயோ பாவம், சும்மா எடுத்துக்கினு போம்மா’ என்று சொல்லிவிடுவாரோ? அந்த வார்த்தையை நான் பன்னிரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அந்தோணி நிமிர்ந்தார். “புது நங்கூரத்துக்கு ரெண்டாயிரம் நீ ஸ்டெல்லாட்ட குட்துடு. நண்டுக்கு எனக்குத் தனியா ஐநூறு.”

“நண்டுக்கு ஐநூறா? முந்நூறு.”

“நானூறு. அதுக்குக் கீழ நான் கப்பலுக்குக்கூட குட்க்க மாட்டேன்.”

நானூறுக்கு முடிந்தது. இரண்டு பேரும் சிரித்தோம். அன்றைக்கு நான் செலவழித்ததில் மிகச் சந்தோஷமாகக் கொடுத்த பணம் அந்த நானூறுதான்.

ஸ்டெல்லா பட்டியை வெட்டி ரப்பரை விலக்கினார். நாங்கள் நான்கு பேரும் குனிந்து பார்த்தோம். உள்ளே கிரீஸ் தேன் நிறத்தில் இருந்தது. ஒரு உருண்டையைத் துணியால் துடைத்தேன். என் முகம் தெரிந்தது. கம்பியைப் பிடிப்பானில் இறுக்கி, கப்பின் மேல் கட்டையை வைத்து ஸ்டெல்லா மூன்று அடி போட்டார். மூன்றாவது அடியில் கப் கழன்று என் மடியில் விரித்திருந்த துணியில் விழுந்தது.

திரும்பும்போது பிரகாசம் விம்கோ நகர் மெட்ரோவில் 3.10க்கு இறக்கிவிட்டார். பேசியதற்கு மேல் நூறு ரூபாய் கொடுத்தேன். வாங்க மறுத்து, பிறகு வாங்கிக்கொண்டார். மெட்ரோ 50 ரூபாய். 4.20க்கு ஆலந்தூர். வியாழக்கிழமை காலை சரவணன் புது ரப்பர் உறையும் கிரீஸும் போட்டு என் பழைய கம்பியில் கப்பை மாட்டினார். தண்டு பேரிங்கில் ‘சளக்’ என்று உட்கார்ந்தது, சுத்தியல் தேவைப்படவில்லை. கூலியும் சாமானும் சேர்த்து 2,150. ஆக மொத்தம், இணையத்தில் விட்ட 6,800 போக, சாப்பாடு உட்பட ஆறாயிரத்து இருநூற்றுக்குள் முடிந்தது. வெள்ளிக்கிழமை மேடவாக்கம் போனேன். தங்கவேலு ஐந்து வாரம் பின்தங்கிவிட்டார். ‘வா’ என்ற ஒரு சொல்லிலிருந்து மறுபடி தொடங்கினோம்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. படத்தை நம்பாதீர்கள், பழைய பாகத்தையே தூக்கிக்கொண்டு போங்கள். பல்லை எண்ணினால் மட்டும் போதாது. கழுத்து, நீளம், வாய் அகலம் எல்லாவற்றையும் வீட்டிலேயே அளந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கடைக்காரர் ‘கடைஞ்சுக்கலாம்’ என்றால் உங்கள் மெக்கானிக்கோடு அவரைப் பேச வையுங்கள். அது சண்டையைவிட வேகமாக வேலை செய்யும். அவரிடம் இல்லை என்றால் உடனே எழுந்துவிடாதீர்கள். இந்த மாடலைக் கடைசியாக எப்போது பிரித்தீர்கள், பாகங்கள் எங்கே போயின என்று கேளுங்கள். சனி, ஞாயிறு வேண்டாம். பத்து மணிக்கு முன்னால் போய்ச் சேருங்கள். நாற்காலியில் போகிறவர்கள், உங்களை எப்படி ஏற்ற வேண்டும் என்பதை முதல் வாக்கியத்திலேயே ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள். சொன்னால் கேட்கிறார்கள்.

மெக்கானிக்கை அனுப்பினால் போதாதா என்று என் அண்ணன் கேட்டான். போதாது. சரவணன் கெட்டிக்காரர்தான், ஆனால் அந்தக் கப் கிடைக்காவிட்டால் அவருக்கு வேறு பத்து வண்டி இருக்கிறது. எனக்கு இது ஒன்றுதான். வேண்டியவர் தானே போய் நின்றால் எதிரில் இருப்பவருக்கும் ஞாபகம் வேலை செய்கிறது என்று நினைக்கிறேன்.

வண்டி இதுவரை 2,300 கிலோமீட்டர் ஓடிவிட்டது. ஆரம்பத்தில் ஒவ்வொரு முறை முழுசாகத் திருப்பும்போதும் பாட்டைக் குறைத்து, கண்ணாடியை இறக்கி, வலது சக்கரத்துக்குக் காது கொடுப்பேன். நேற்று மேடவாக்கத்தில் ஒரு முட்டுச்சந்தில் மூன்று தரம் திருப்பி வண்டியை வெளியே எடுத்தேன். மெயின் ரோட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன்: பாட்டு முழுச் சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது.